பங்குக் கோவிலில் கலியாணம்: தேதி கேட்பதிலிருந்து பதிவேட்டில் கையெழுத்து வரை

மண்டபத்துக்கு முன்பணம் கட்டி, பத்திரிகையை அச்சுக்குக் கொடுத்துவிட்டு, அதன் பிறகுதான் பலர் பங்குத்தந்தையை (தங்கள் வட்டாரக் கோவிலான பங்குக்குப் பொறுப்பான குருவை) பார்க்கப் போகிறார்கள். கத்தோலிக்கக் கலியாணங்களில் வரும் சங்கடங்களில் பெரும்பாலானவை இந்தத் தலைகீழ் வரிசையால் வருபவை. பேச்சு முடிந்து இரு வீடும் ஒத்துப்போன அந்த வாரமே கோவிலுக்குப் போங்கள். ஆறு மாதம் இருந்தால் எல்லாம் நிதானமாக நடக்கும். மூன்று மாதம் போதும், ஆனால் எந்தக் காகிதமும் தாமதமாகக் கூடாது. அதற்கும் குறைந்தால் ஆயர் (பிஷப்) இல்லத்துக்கும் பங்குக்கும் நடையாக நடக்க வேண்டிவரும்.

கீழே உள்ளது தமிழ்நாட்டின் இலத்தீன் வழிபாட்டு முறைப் பங்குகளுக்குப் பொருந்தும். படிவங்களும் சின்னச் சின்ன வழக்கங்களும் மறைமாவட்டத்துக்கு மறைமாவட்டம் மாறும். அடிப்படைச் சட்டம் எல்லா இடத்திலும் ஒன்றுதான்.

எந்தக் கோவில், எந்தத் தேதி

பெண்ணின் பங்கிலோ மாப்பிள்ளையின் பங்கிலோ நடத்தலாம். எந்த வீட்டுப் பக்கம் என்பது ஊர் வழக்கம். திருச்சபைச் சட்டம் அதில் தலையிடுவதில்லை. இரண்டும் இல்லாத மூன்றாவது இடத்தில், உதாரணமாக வேளாங்கண்ணி, பூண்டி போன்ற திருத்தலத்தில் நடத்த விரும்பினால், சொந்தப் பங்குத்தந்தையின் அனுமதிக் கடிதம் வேண்டும். வெளியூரில் வேலை பார்ப்பவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள்: ஓர் ஊரில் ஒரு மாதம் தொடர்ந்து தங்கியிருந்தாலே அந்தப் பங்கில் திருமணம் செய்யச் சட்டம் இடம் தருகிறது.

தேதியைப் பார்க்கும்போது முகூர்த்த நாள்காட்டியை ஒதுக்கிவிட்டு வழிபாட்டு நாள்காட்டியை எடுங்கள். புனித வெள்ளியிலும் புனித சனியிலும் திருமணமே கிடையாது. தவக்காலத்திலும் (சாம்பல் புதன் முதல் உயிர்ப்பு ஞாயிறுக்கு முன்வரை) திருவருகைக்காலத்திலும் (கிறிஸ்மஸுக்கு முந்தைய வாரங்கள்) கலியாணம் வைப்பதில்லை என்பது நம் பங்குகளின் பொது வழக்கம். தவிர்க்க முடியாத காரணம் இருந்தால் ஆயரின் அனுமதியோடு எளிமையாக நடத்துவார்கள். 2027-இல் சாம்பல் புதன் பிப்ரவரி 10, உயிர்ப்பு ஞாயிறு மார்ச் 28, திருவருகைக்காலத்தின் முதல் ஞாயிறு நவம்பர் 28. ஆக அந்த ஆண்டு தை மாதக் கலியாணங்கள் எல்லாம் பிப்ரவரி 9-க்குள் நெருக்கியடிக்கும். உயிர்ப்பு ஞாயிறு தொடங்கி எட்டு நாளும் திருமணத் திருப்பலிக்குரிய தனிச் செபங்களைப் பயன்படுத்த முடியாது. ஞாயிற்றுக்கிழமை கேட்டால் பெரும்பாலான பங்குகளில் மறுப்பார்கள். பங்குப் பூசைகளுக்கே நேரம் சரியாக இருக்கும். பங்குத் திருவிழா கொடியேற்றத்திலிருந்து தேர் வரையுள்ள நாள்களையும் விட்டுவிடுங்கள். பந்தலும் ஒலிபெருக்கியும் கடைகளும் தெருவை அடைத்திருக்கும், கார் உள்ளே வராது.

முகூர்த்தம் பார்க்கத் தேவையில்லாததில் ஓர் அனுகூலம் இருக்கிறது. முகூர்த்தம் இல்லாத நாளில் மண்டபம், சமையல்காரர், நாதஸ்வரம், போட்டோகிராபர் எல்லாருமே எளிதில் கிடைப்பார்கள், பேரமும் பேசலாம்.

நேரத்துக்கு நாட்டுச் சட்டமே எல்லை வைத்திருக்கிறது. 1872-ஆம் ஆண்டு இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டப்படி திருமணம் காலை 6 மணிக்கும் மாலை 7 மணிக்கும் இடையில் நடக்க வேண்டும். அதற்கு வெளியே என்றால், மறைமாவட்ட ஆயர் உரிமம் கொடுத்திருக்க வேண்டும். மாலைக் கலியாணம் வைப்பவர்கள் 6 மணிக்குப் பூசை என்று அச்சடித்து, அழகு நிலையத்திலிருந்து பெண் வர 6.40 ஆகிவிட்டால், மறையுரையெல்லாம் முடிந்து சம்மதம் கேட்கும்போது 7 தாண்டிவிடும். 5 மணிக்கே வையுங்கள்.

காகிதங்கள்

எல்லாவற்றுக்கும் வேர் திருமுழுக்குப் (ஞானஸ்நானப்) பதிவேடு. ஒருவர் உறுதிபூசுதல் (வழக்கமாக ஆயர் பங்குக்கு வந்து கொடுக்கும் அருள்சாதனம்) பெற்றால், திருமணம் செய்தால், குருத்துவமோ துறவற நித்திய வார்த்தைப்பாடோ எடுத்தால், அத்தனையும் அவர் திருமுழுக்குப் பெற்ற பங்கின் பதிவேட்டில் அவர் பெயருக்கு எதிரே ஓரக்குறிப்பாக ஏறும். அதனால்தான் பிறந்தபோது வாங்கி அலமாரியில் வைத்திருக்கும் பழைய சான்றிதழை ஏற்க மாட்டார்கள். கடந்த ஆறு மாதத்துக்குள் புதிதாக எடுத்தது, ஓரக்குறிப்புகளோடு வேண்டும் என்பார்கள். இப்போது குடியிருக்கும் பங்கில் அது கிடைக்காது. திருமுழுக்குப் பெற்ற பங்குக்கே எழுத வேண்டும். அது மும்பையிலோ கோலாலம்பூரிலோ இருந்தால் முதல் வாரமே வேலையைத் தொடங்குங்கள். பதிவேடு வெள்ளத்தில் போய்விட்டது, பூச்சி அரித்துவிட்டது என்று பதில் வந்தால் பதற வேண்டாம். திருமுழுக்கை நேரில் கண்ட நம்பத்தகுந்த ஒருவர், பெரும்பாலும் ஞானத்தாயோ ஞானத்தந்தையோ, எழுத்தில் சாட்சி சொன்னால் போதும்.

பெயரைப் பாருங்கள். பதிவேட்டில் 'மிக்கேல் அந்தோணி', ஆதாரில் 'மைக்கேல் ஆண்டனி', பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் குடும்பப்பெயராக மாறிப்போய் வேறொன்று. இது அன்றைக்குப் பெரிதாகத் தெரியாது. இரண்டு வருடம் கழித்துக் கணவர் வேலை பார்க்கும் நாட்டுக்கு மனைவி விசா கேட்கும்போது கழுத்தைப் பிடிக்கும். திருமணப் பதிவேட்டில் பெயர் எழுதும் முன்பே பங்குத்தந்தையிடம் பாஸ்போர்ட்டைக் காட்டி, 'மிக்கேல் அந்தோணி என்ற மைக்கேல் ஆண்டனி' என்று எழுதச் சொல்லுங்கள். எழுதி முடித்த பதிவேட்டைத் திருத்துவது பங்குத்தந்தையின் கையில் மட்டும் இல்லை, ஆயர் இல்லம் வரை போகும்.

திருமுழுக்குச் சான்றோடு இருவருக்கும் தேவைப்படுபவை: உறுதிபூசுதல் சான்று, ஆதார் ஜெராக்ஸ், வயதுச் சான்று (ஆணுக்கு 21, பெண்ணுக்கு 18 நிறைந்திருக்க வேண்டும்), பாஸ்போர்ட் சைஸ் போட்டோ, திருமணத் தயாரிப்பு வகுப்புச் சான்று. பல பங்குகளில் அன்பியப் (பங்கின் அக்கம்பக்கக் குடும்பக் குழு) பொறுப்பாளரின் கையெழுத்தும், கோவில் வரியோ சந்தாவோ பாக்கி இல்லை என்ற குறிப்பும் கேட்பார்கள். நாலைந்து வருட பாக்கியை ஓலை (கோவிலில் வாசிக்கும் திருமண அறிவிப்பு) எழுதப் போகும் அன்று வாசலில் நின்று வாதாடுவதைவிட, முன்பே போய்க் கட்டிவிடுவது நல்லது.

உறுதிபூசுதலில் இடறுபவர்கள் பெரும்பாலும் விடுதியில் தங்கிப் படித்தவர்கள். பங்கில் ஆயர் வந்த வருடம் அவர்கள் ஊரில் இருந்திருக்க மாட்டார்கள். பெரிய சிரமம் இல்லையென்றால் திருமணத்துக்கு முன் அதைப் பெற்றுவிட வேண்டும் என்கிறது சட்டம். பெறவில்லை என்பதற்காகத் திருமணம் செல்லாமல் போகாது. பக்கத்துப் பங்கில் எப்போது கொடுக்கிறார்கள் என்று கேட்டு அங்கே சேர்ந்துகொள்ளலாம்.

துணையை இழந்து மறுமணம் செய்பவர்கள் இறப்புச் சான்றிதழையும் முந்தைய திருமணச் சான்றையும் கொண்டுவர வேண்டும். விவாகரத்து ஆனவர்களுக்கு நீதிமன்றத் தீர்ப்பு மட்டும் போதாது. முந்தைய திருமணம் செல்லாதது என்று மறைமாவட்டத் திருமண நீதிமன்றம் அறிவித்திருக்க வேண்டும். மறுபக்கமும் அப்படித்தான். திருச்சபை நீதிமன்றத்தின் தீர்ப்பு நாட்டுச் சட்டத்தில் திருமணத்தை முறிக்காது என்று உச்ச நீதிமன்றம் 1996-இலேயே சொல்லிவிட்டது. இரண்டு தீர்ப்பும் கையில் இருந்தால்தான் தேதி கேட்க முடியும்.

தயாரிப்பு வகுப்பு

மறைமாவட்டக் குடும்பநலப் பணிக்குழு நடத்தும் வகுப்பு, பெரும்பாலும் இரண்டு மூன்று நாள். இடமும் தேதியும் பங்கு அலுவலகத்தில் கிடைக்கும். கலியாண மாதங்களுக்கு முன் இடம் நிரம்பிவிடும். வெளிநாட்டில் இருப்பவர் அங்குள்ள பங்கில் வகுப்பு முடித்துச் சான்று கொண்டுவந்தால் பொதுவாக ஏற்பார்கள். முன்கூட்டியே பங்குத்தந்தையிடம் கேட்டு உறுதி செய்யுங்கள். முடிந்தால் இருவரும் ஒரே வகுப்பில் உட்காருங்கள். பெற்றோர் பார்த்து முடித்த திருமணமாக இருந்தால், கடன், குழந்தைப் பேறு, மாமியார் வீடு, குடிப்பழக்கம் என்று இருவரும் ஒன்றாக உட்கார்ந்து கேட்கும் முதல் இடம் பெரும்பாலும் அதுவாகத்தான் இருக்கும்.

விசாரணையும் ஓலையும்

பங்குத்தந்தை பெண்ணையும் மாப்பிள்ளையையும் தனித்தனியே அழைத்து, உறுதிமொழி வாங்கிக் கேள்வி கேட்டுப் படிவத்தில் எழுதுவார். முழு மனதோடு சம்மதிக்கிறாயா, யாராவது வற்புறுத்தினார்களா, முன்பு திருமணம் ஆனதுண்டா, இருவருக்கும் இரத்த உறவு உண்டா, சாகும்வரை ஒருவரோடுதான் என்பதை ஏற்கிறாயா, குழந்தைகளை ஏற்கிறாயா. பெற்றோர் கூடவே உள்ளே வர நினைப்பார்கள், வரக் கூடாது. அந்த அறையில் பெண் 'எனக்கு இஷ்டமில்லை' என்று சொல்ல இடம் இருக்க வேண்டும் என்பதற்காகத்தான் அந்தத் தனிமை. வற்புறுத்தலால் வந்த சம்மதம் சம்மதமே ஆகாது. மணவாழ்வைக் குலைக்கக்கூடிய பெரிய உண்மை ஒன்றை, சம்மதம் வாங்குவதற்காகவே ஏமாற்றி மறைத்தாலும் அந்தத் திருமணம் செல்லாது.

இரத்த உறவுக் கேள்விக்கு நம் ஊரில் பலர் சரியாகப் பதில் சொல்வதில்லை. 'முறைப்பெண்தானே, இதில் என்ன' என்று விட்டுவிடுகிறார்கள். திருச்சபைக்கு முறை, முறையில்லை என்ற வேறுபாடு கிடையாது, தலைமுறைக் கணக்குத்தான். எண்ணும் விதம் இது: ஒருவரிலிருந்து பொது மூதாதைவரை ஏறி, அங்கிருந்து மற்றவர்வரை இறங்குங்கள். ஒவ்வொரு பிறப்பும் ஒரு படி. தாய்மாமன் மகள் என்றால் மாப்பிள்ளையிலிருந்து அம்மா ஒன்று, தாத்தா இரண்டு, மாமன் மூன்று, மகள் நான்கு. ஆக நான்காம் படி. அத்தை மகளும் அதேதான். அக்காள் மகள் என்றால் பெற்றோர் ஒன்று, அக்காள் இரண்டு, மகள் மூன்று. நான்காம் படி வரை தடை உண்டு. மூன்றுக்கும் நான்குக்கும் ஆயர் விலக்கு கொடுக்கலாம், காரணத்தை எழுத்தில் கேட்பார். விலக்கு இல்லாமல் நடந்தால் தாலி கட்டியிருந்தாலும் திருமணம் செல்லாது. ஐந்தாம் படியிலிருந்து எதுவும் தேவையில்லை. 'இரண்டு தலைமுறை தாண்டிய சொந்தத்துக்கும் எங்கள் காலத்தில் அனுமதி வாங்கினோம்' என்று பெரியவர்கள் சொன்னால் அவர்கள் சொல்வதும் சரிதான். 1917-ஆம் ஆண்டுச் சட்டத்தில் எல்லை இன்னும் விரிவாக இருந்தது, 1983-இல்தான் சுருங்கியது.

விசாரணை முடிந்தபின் ஓலை. மூன்று ஞாயிறு பூசைகளில், இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம், தடை ஏதும் அறிந்தவர்கள் பங்குத்தந்தையிடம் தெரிவிக்க வேண்டும் என்று வாசிப்பார்கள். பெண்ணின் பங்கிலும் மாப்பிள்ளையின் பங்கிலும் வாசிக்க வேண்டும். ஒரு பங்கிலிருந்து மற்றதற்கு 'ஓலை வாசித்தாயிற்று, தடை இல்லை' என்ற கடிதம் போய்ச் சேர்ந்தால்தான் வேலை முடிந்தது. அதைத் தபாலை நம்பி விடாதீர்கள், கையில் வாங்கிக் கையில் கொடுங்கள். மூன்று வாரம், கடிதத்துக்கு ஒரு வாரம், ஏதாவது கிளம்பினால் சரிசெய்ய இரண்டு வாரம் என்று கணக்கிட்டு, திருமணத்துக்கு ஆறு வாரம் முன்பே முதல் ஓலை விழும்படி பாருங்கள். மறைத்த உறவுமுறை வெளியே வருவது பெரும்பாலும் இரண்டாம் ஓலைக்குப் பிறகுதான். ஊரில் யாராவது ஒருவருக்கு எல்லாம் தெரிந்திருக்கும். வேறு நகரத்திலோ நாட்டிலோ வருடக்கணக்கில் இருந்தவராக இருந்தால், இவருக்கு அங்கே திருமணம் ஆகவில்லை என்று அந்தப் பங்குத்தந்தை தரும் கடிதமும் வேண்டும்.

கலப்புத் திருமணம்

துணை சி.எஸ்.ஐ. போன்ற திருமுழுக்குப் பெற்ற பிற சபையினர் என்றால் ஆயரின் அனுமதி. திருமுழுக்குப் பெறாதவர், இந்துவோ முஸ்லிமோ என்றால் ஆயரின் விலக்கு. முதலாவது இல்லாவிட்டாலும் திருமணம் செல்லும், விதிமீறல் மட்டுமே. இரண்டாவது இல்லாவிட்டால் செல்லவே செல்லாது. இரண்டுக்கும் கத்தோலிக்கத் தரப்பு, தன் விசுவாசத்தை விடமாட்டேன், பிள்ளைகளுக்குத் திருமுழுக்குக் கொடுத்து வளர்க்க என்னால் ஆனதைச் செய்வேன் என்று வாக்குக் கொடுக்க வேண்டும். மற்றவருக்கு அது தெரிவிக்கப்பட வேண்டும். மதம் மாற வேண்டும் என்பதில்லை. இங்கே வீடுகள் உடையும் இடம் வேறு: 'காலையில் கோவிலில், மாலையில் எங்கள் முறைப்படி' என்ற ஏற்பாடு. சம்மதத்தைத் திரும்பக் கொடுக்கும் இன்னொரு சமயச் சடங்கை, முன்போ பின்போ, திருச்சபைச் சட்டம் அனுமதிப்பதில்லை. இதை நிச்சயத்தின்போதே இரு வீட்டிலும் பேசிவிடுங்கள். வரவேற்பு, விருந்து, பெரியவர்களிடம் ஆசி வாங்குவது ஆகியவற்றுக்குத் தடை கிடையாது.

கன்னியாகுமரி மாவட்டத்தார் கூடுதலாக ஒன்றைப் பார்க்க வேண்டும். இருவரும் சீரோ மலங்கரை அல்லது சீரோ மலபார் (கிழக்கத்திய வழிபாட்டு முறைக் கத்தோலிக்கர்) சபையினர் என்றால், இலத்தீன் பங்குத்தந்தைக்கு அந்தத் திருமணத்தை நடத்தும் அதிகாரம் தானாக வராது. ஒருவராவது இலத்தீன் முறையினராக இருக்க வேண்டும், இல்லையேல் அவர்களின் சபையிலிருந்து அதிகார ஒப்படைப்பு வேண்டும்.

இதை ஒட்டிய இன்னொரு ஆபத்து வீட்டுச் சாமியார். சித்தப்பாவோ மாமாவோ குருவாக இருந்தால் அவர்தான் தாலியை மந்திரித்துத் தர வேண்டும் என்று ஆசைப்படுவார்கள். நல்ல ஆசை. ஆனால் குருவாக இருப்பதால் மட்டும் அவருக்கு அந்தப் பங்கில் திருமணம் நடத்தும் அதிகாரம் கிடையாது. பங்குத்தந்தை அவர் பெயரைக் குறித்து, இந்தத் திருமணத்துக்கு என்று ஒப்படைக்க வேண்டும். எழுத்தில் வாங்கிக் கோப்பில் சேர்த்துவிடுங்கள். இது விடுபட்டால் திருமணமே செல்லாது.

பூசைக்கான ஏற்பாடு

பங்கு அலுவலகத்தில் முன்பே கேட்டு எழுதிக்கொள்ள வேண்டியவை: கோவில் கட்டணம், பூசைக் காணிக்கை, பாடகர் குழு, ஜெனரேட்டர், உபதேசியாருக்கும் பீடச்சிறுவருக்கும் கொடுப்பது, அன்று அதே கோவிலில் வேறு கலியாணம் உண்டா. 9.30-க்கும் 11.30-க்கும் இரண்டு கலியாணம் என்றால் உங்களுக்கு நிஜமாகக் கிடைப்பது ஒன்றே முக்கால் மணி நேரம். பூசை ஒன்றேகால் மணி, மீதி பதிவேடும் படமும். பூ அலங்காரச் செலவை அந்த இன்னொரு கலியாண வீட்டாரோடு பகிர்ந்துகொள்ளலாம்.

வாசகங்களை மணமக்களே தேர்ந்தெடுங்கள். தொடக்கநூல் 2-ஆம் அதிகாரம், தோபித்து 8, திருப்பாடல் 128, 1 கொரிந்தியர் 13, எபேசியர் 5, யோவான் 2-இல் கானாவூர்த் திருமணம் ஆகியவை வழக்கமானவை. தோபித்தை அதிகம் பேர் எடுப்பதில்லை. புதுமணத் தம்பதி எழுந்து நின்று சேர்ந்து செபிக்கும் பகுதி அது, வாசிக்கக் கேட்டால் கோவில் அமைதியாகிவிடும். வாசிப்பவருக்கு ஒரு வாரம் முன்பே தாளைக் கொடுத்து, கோவில் மைக்கில் ஒருமுறை வாசிக்கச் சொல்லுங்கள். சினிமாப் பாட்டு வேண்டாம். மெட்டை மட்டும் எடுத்து வார்த்தை மாற்றியதும் வேண்டாம். வழிபாட்டுக் கையேடு அச்சடித்தால், கோவிலுக்கு வருபவர்களில் பாதிப் பேருக்குப் போதும். அச்சுக்கு முன் பங்குத்தந்தையும் பாடகர் குழுவும் பார்த்திருக்க வேண்டும்.

விருந்தினரில் இந்து, முஸ்லிம் நண்பர்கள் நிறைய இருப்பார்கள். நற்கருணை நேரத்தில் எல்லாரும் வரிசையில் எழுந்து வந்துவிடுவது உண்டு. முன்னுரை வாசிப்பவர், 'நற்கருணை பெற ஆயத்தமாயுள்ள கத்தோலிக்கர் மட்டும் வரவும், மற்றவர்கள் இருந்த இடத்திலேயே மணமக்களுக்காக மன்றாடவும்' என்று கனிவாகச் சொல்ல வேண்டும். வந்தவரைப் பீடத்தடியில் திருப்பி அனுப்புவதைவிட இது எவ்வளவோ மேல்.

முந்திய நாள்களில் மணமக்கள் இருவரும் பாவசங்கீர்த்தனம் செய்துவிடுங்கள். கலியாணக் காலையில் நேரம் கிடைக்காது. ஒத்திகைக்கு அரை மணி போதும்: எங்கே நிற்பது, எப்போது கைகோர்ப்பது, 'இன்பத்திலும் துன்பத்திலும்' என்று வரும் வாக்கை எப்படிச் சொல்வது. 'பிரமாணிக்கமாய்' என்ற சொல்லில் பலருக்கு நாக்குக் குழறும், வீட்டில் பத்து முறை சத்தமாகச் சொல்லிப் பாருங்கள். தமிழ் வாசிக்கத் தெரியாத மணமக்களுக்குக் குரு சொல்லச் சொல்லத் திருப்பிச் சொல்லும் வழியும் உண்டு.

தட்டில் இருக்க வேண்டியவை தாலி, இரண்டு மோதிரம், இரண்டு மாலை. தாலிக் கயிற்றை இரண்டு முழம் வெட்டுங்கள். குட்டையாக இருந்தால் முக்காட்டுக்குப் பின்னால் முடிச்சு விழாது. மஞ்சள் தடவிய கயிற்றை முந்திய நாளே நிழலில் உலர்த்துங்கள், ஈரமாகக் கட்டினால் வெள்ளைப் புடவையின் கழுத்தில் மஞ்சள் ஏறிவிடும். தங்கச் சங்கிலியில் கோத்த தாலியானால் கொக்கியைத் திறந்து மூடிப் பழகுங்கள், புதுக் கொக்கி விறைப்பாக இருக்கும், மாப்பிள்ளையின் கை வியர்த்திருக்கும். மாலையோடு உள்ளே வந்திருந்தால் தாலி கட்டும் முன் கழற்றிவிட வேண்டும். தோழி முக்காட்டைத் தூக்கிப் பிடிக்கட்டும், தாலி அதற்குக் கீழே போக வேண்டும்.

போட்டோகிராபரை முந்திய நாளே பங்குத்தந்தையிடம் அழைத்துப் போங்கள். பீடத்தின் மேல் ஏறக் கூடாது, எழுந்தேற்றத்தின்போது (குரு அப்பத்தையும் கிண்ணத்தையும் உயர்த்திக் காட்டும் நேரம்) பளிச்சென்று விளக்கு அடிக்கக் கூடாது, சம்மதம் சொல்லும்போது மணமக்களுக்கும் மக்களுக்கும் நடுவே முதுகைக் காட்டி நிற்கக் கூடாது. எங்கே நின்றால் படம் கிடைக்கும் என்பதையும் பங்குத்தந்தையே காட்டிவிடுவார். அலங்காரக்காரரிடம் பீடத்தில் ஆணியோ ஒட்டுநாடாவோ வேண்டாம் என்று சொல்லுங்கள். காகிதப் பூ வெடிக்கும் குழாய்கள் கோவிலுக்குள் வேண்டாம்.

பதிவேடு, அதன் பிறகு

பூசை முடிந்து மாதா பீடத்தில் செபித்துவிட்டு வந்ததும் பதிவேட்டில் மணமக்களும் இரண்டு சாட்சிகளும் கையெழுத்திட வேண்டும். சாட்சிகள் கடைசிவரை கோவிலில் இருப்பவர்களாக இருக்கட்டும். பந்தி கவனிக்கும் மாமாவைச் சாட்சியாகப் போட்டால் அந்த நேரத்தில் அவர் மண்டபத்தில் இருப்பார். கையெழுத்திடும் முன் பெயர், பிறந்த தேதி, பெற்றோர் பெயர் மூன்றையும் ஒருவர் சத்தமாக வாசித்துச் சரிபாருங்கள்.

திருமணச் சான்றை இரண்டு மூன்று பிரதியாகக் கேட்டு வாங்குங்கள். திருமுழுக்குப் பெற்ற பங்குகளுக்கு அறிவிப்பு போயிற்றா என்று ஒரு மாதம் கழித்துக் கேளுங்கள். போகவில்லையென்றால் அந்தப் பதிவேட்டில் நீங்கள் இன்னும் மணமாகாதவர்தான்.

கோவில் பதிவோடு நின்றுவிடக் கூடாது. தமிழ்நாடு திருமணங்கள் பதிவுச் சட்டம், 2009-இன்படி எல்லா மதத் திருமணங்களையும் 90 நாளுக்குள் சார் பதிவாளர் அலுவலகத்தில் பதிய வேண்டும். தவறினால் மேலும் 60 நாள் தாமதக் கட்டணத்தோடு. கோவில் சான்று, ஆதார், வயதுச் சான்று, பத்திரிகை, இருவரின் படம், சாட்சிகளின் அடையாள அட்டை ஆகியவற்றை எடுத்துப் போங்கள். வெளிநாடு போகிறவர்கள் விருந்து முடிந்த மறுவாரமே இதைச் செய்துவிடுங்கள், மாப்பிள்ளையின் விடுமுறை முடியும் முன் இந்த வேலை முடிந்துவிடும்.